விரலுக்கு முன்னால் நாக்கு

குந்தாரப்பள்ளியில் வெள்ளிக்கிழமை ஆட்டுச்சந்தை, சனிக்கிழமை கீபோர்டு வகுப்பு. சந்தை பழசு, வகுப்பு புதுசு. ஓசூர், சூளகிரி, குருபரப்பள்ளி என்று நெடுஞ்சாலை நெடுக ஆலைகள் வந்தன. ஷிப்டு சம்பளம் வந்தது. அதன் பின்னாலேயே ஸ்போக்கன் இங்கிலீஷ், அபாகஸ், கீபோர்டு எல்லாம் வந்துவிட்டன. வரட்டும். லேத் ஆபரேட்டர் மகள் கீபோர்டு கட்டையில் விரல் வைப்பது எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் சில மாதம் அங்கே போன பிள்ளைகள் என்னிடம் தாளம் கற்க வரும்போது பார்க்கிறேன்: விரல் ஓடுகிறது, தாளம் நிற்கவில்லை. எண்ணிக்கொண்டே வாசி என்றால் "ஒன், டூ, த்ரீ, ஃபோர்" என்கிறார்கள். சிக்கலான இடத்தில் "த்ரீ" ரப்பர் மாதிரி நீள்கிறது. சுலபமான இடத்தில் "ஒன் டூ" பிய்த்துக்கொண்டு ஓடுகிறது. ஆனால் ஒவ்வொரு கட்டத்திலும் எண் சரியாக நாலுதான் வருகிறது! தப்பு எங்கே என்று கேட்டால் பிள்ளைக்கும் தெரியவில்லை, பணம் கட்டிய அப்பாவுக்கும் தெரியவில்லை.

எண் எத்தனையாவது என்று சொல்லும். எவ்வளவு நேரம் என்று சொல்லாது. தாளம் கற்பிக்கிறவர்கள் முதலில் ஒத்துக்கொள்ள வேண்டியது இதைத்தான்.

வித்வான் பட்டம் வாங்கியவள் இல்லை நான். ஓசூர் டைட்டன் ஆலையில் கடிகாரம் கோத்து ஓய்வு பெற்றவள். வேப்பனப்பள்ளி பக்கத்துக் கோயில்களுக்கெல்லாம் என் அப்பா, நைனா, தவில் வாசித்தார். பெண் பிள்ளை என்று என்னைத் தவிலைத் தொட விடவில்லை. ஆனால் அவர் வீட்டில் சாதகம் பண்ணும்போது தாளம் போட ஆள் வேண்டுமே, அதற்கு நான்தான். வீட்டில் தெலுங்கு, பள்ளியில் தமிழ், சந்தையில் கொஞ்சம் கன்னடம் என்று வளர்ந்தேன். தவிலுக்கான சொல் மட்டும் எந்த மொழியிலும் சேராமல் காதில் விழுந்துகொண்டே இருந்தது. தகிட, தகதிமி, தகதகிட. நைனாவுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். மூன்று, நான்கு, ஐந்து என்று அவர் எண்ணி நான் கேட்டதே இல்லை. எண்ணாமலே அவருக்கு எண்ணிக்கை தவறியதும் இல்லை.

ஆலையில் சேர்ந்த புதிதில் குவார்ட்ஸ் கடிகாரத்தின் கணக்கைச் சொல்லிக் கொடுத்தார்கள். உள்ளே இருக்கும் படிகம் நொடிக்கு 32,768 முறை அதிரும். ஏன் இந்த முரட்டு எண்? இரண்டை இரண்டால் பெருக்கிக்கொண்டே போனால் 15-வது இரண்டில் இது வந்து நிற்கும். திருப்பிச் சொன்னால், பாதி, அதில் பாதி, அதிலும் பாதி என்று 15 முறை குறைத்தால் நொடிக்கு ஒரே ஒரு துடிப்பு மிஞ்சும். அதற்குத்தான் முள் ஒரு கோடு நகர்கிறது. பிற்பாடு மேற்கத்திய இசை எழுத்தை ஒருவர் எனக்கு விளக்கியபோது இதே பாதிக் கணக்கு அங்கேயும் இருப்பதைப் பார்த்தேன். செமிப்ரீவில் பாதி மினிம், அதில் பாதி க்ரோட்செட், அதில் பாதி க்வேவர், அதிலும் பாதி செமிக்வேவர். ஒன்றைப் பதினாறாக வெட்ட நாலு வெட்டு. இதில் குழப்பமே இல்லை. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குப் பின்னம் தெரிந்தால் போதும், ஒரு மாலையில் புரிந்துவிடும்.

புரிவது வேறு, நிற்பது வேறு. கடிகாரத்துக்கு நொடியைப் படிகம் பிடித்துக் கொடுக்கிறது. பிள்ளைக்கு யார் பிடித்துக் கொடுப்பது? மெட்ரோனோம் ஆப் என்கிறார்கள். அதைப் போட்டால் பிள்ளை டிக் டிக்கைத் துரத்திக்கொண்டு போகும். நிறுத்தினால் பழையபடி நீளும், ஓடும். சரிபார்க்க மெட்ரோனோம் நல்லது. கற்றுக்கொடுக்க அது போதாது.

நம்மிடம் ஒரு வழி இருக்கிறது, செலவில்லாதது. ஆதி தாளத்துக்கு ஒரு தட்டு, பிறகு சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல். அதோடு நாலு. தட்டு, வீச்சு. தட்டு, வீச்சு. மொத்தம் எட்டு. ஒவ்வொரு எண்ணுக்கும் கையில் ஒரு தனி அசைவு இருப்பதால் எத்தனையாவது இடத்தில் இருக்கிறோம் என்ற கவலையைக் கை வாங்கிக்கொள்கிறது. வாய் எண்ணை விட்டுவிட்டு நேரத்தைப் பார்த்துக்கொள்ளலாம். எண்ணுகிற வேலையையும் அளக்கிற வேலையையும் இரண்டு உறுப்புகளுக்குப் பிரித்துக் கொடுத்த அந்த மூளை யாருடையதோ, அவருக்கு ஆலையில் லைன் போடத் தெரிந்திருக்கும்.

பாட்டுப் பாடத்தின் முதல் படியான சரளி வரிசையை முறைப்படுத்தியவர் புரந்தரதாசர் என்பது மரபு. எங்கள் பக்கத்துக் கன்னட நாட்டுக்காரர். அந்த வரிசைகளை மூன்று காலத்தில் பாடச் சொல்வார்கள். முதல் காலத்தில் ஒரு எண்ணுக்கு ஒரு ஸ்வரம், இரண்டாம் காலத்தில் இரண்டு, மூன்றாம் காலத்தில் நான்கு. பாதிக் கணக்கு இங்கேயும் அதேதான். ஆனால் இதில் ஒரு நிபந்தனை இருக்கிறது: கை மாறக் கூடாது. வாய் இரட்டிப்பாகும்போது கையும் கூடவே ஓடப் பார்க்கும். எல்லாப் பிள்ளைக்கும் ஓடும். "எமனே வந்து இழுத்தாலும் கையை நகர்த்தாதே" என்பார் நைனா. கை நின்ற இடத்தில் நின்று, வாய் மட்டும் ஒன்றிலிருந்து இரண்டுக்கும் இரண்டிலிருந்து நான்குக்கும் ஏறி, மறுபடி ஒன்றுக்கு இறங்கினால் அந்தப் பிள்ளைக்கு க்ரோட்செட், க்வேவர், செமிக்வேவர் மூன்றும் தெரியும் என்று அர்த்தம். பெயர் தெரியாவிட்டால் என்ன, அதை அப்புறம் அரை மணியில் சொல்லிவிடலாம். தலைகீழாகச் செய்தால் பெயர் தெரியும், படம் தெரியும், தேர்வுத் தாளில் மதிப்பெண்ணும் வரும். ஆனால் வேகம் எதுவோ அதுதான் காலம் என்று பிள்ளை நினைத்துக்கொண்டிருக்கும்.

தமிழ் படிக்கிற பிள்ளைக்கு இன்னொரு வசதி இருக்கிறது. நம் ஆசிரியர்கள் அதைக் கண்டுகொள்வதே இல்லை. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. கண் இமைக்கும் நேரத்தையும் விரல் நொடிக்கும் நேரத்தையும் தொல்காப்பியம் அந்த மாத்திரைக்கு அளவாக வைத்தது. நம் பள்ளிகளில் இது இலக்கண வகுப்பில் ஒரு மதிப்பெண் கேள்வி. ஸ்வரப் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். ஸ என்று இருந்தால் ஒன்று, ஸா என்று இருந்தால் இரண்டு. மேலும் ஒன்று நீட்ட ஒரு கமா, இரண்டு நீட்ட ஓர் அரைப்புள்ளி. தலைக்கு மேல் கோடு கிழித்தால் எல்லாம் பாதி. குறில் நெடில் தெரிந்த பிள்ளைக்கு இதில் புதிதாகக் கற்க என்ன இருக்கிறது? (வேடிக்கை ஒன்று: மேற்கத்திய எழுத்தில் நோட்டுக்குப் பக்கத்தில் புள்ளி வைத்தால் அதன் நேரத்தில் பாதி கூடும். நம் எழுத்தில் 'க'வின் தலையில் புள்ளி வைத்தால் ஒரு மாத்திரை அரையாகிவிடும். இரண்டையும் ஒரே நாளில் சொல்லிக் கொடுக்காதீர்கள்.)

நான் 'படு', 'பாடு' என்ற இரண்டை வைத்துத்தான் தொடங்குகிறேன். 'படு' இரண்டு மாத்திரை. 'பாடு', கடைசி உகரத்தைக் குறுக்காமல் முழுசாகச் சொன்னால், மூன்று. சீராகக் கை தட்டச் சொல்லி, தட்டுக்கு ஒரு மாத்திரையாக இவற்றைச் சொல்லவைத்தால் ஐந்து நிமிடத்தில் இரண்டும் மூன்றும் உடம்பில் ஏறிவிடும். அடுத்தது 'படு பாடு', ஐந்து. கண்ட சாபு என்ற தாளம் இவ்வளவுதான், தக தகிட. அதற்கடுத்தது 'பாடு படு படு', ஏழு. மிஸ்ர சாபு. மேற்கத்திய வகுப்புகளில் ஐந்தும் ஏழும் பெரும்பாலும் மேல் கிரேடுகளுக்குத் தள்ளப்படுகின்றன. இங்கே மூன்றாம் வகுப்புப் பெண் மதிய உணவு வரிசையில் நின்றுகொண்டு அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஆலைகளுக்கு நடுவில் வளர்கிற பிள்ளைகளுக்குப் பாடுபடு என்பதைவிடப் பொருத்தமாக என்ன கிடைக்கும் என்று எனக்குள் சிரித்துக்கொள்வேன்.

சத்தம் உள்ள இடத்தை எண்ணுவது பெரிய காரியமில்லை. சத்தம் இல்லாத இடத்தில்தான் எல்லாரும் விழுகிறார்கள். தாளில் ஓய்வுக் குறியைப் பார்த்ததும் பிள்ளை அதை வெற்றிடம் என்று எடுத்துக்கொண்டு தாவிவிடும். நாம் கார்வை என்று சொல்லும் அந்த ஓய்வு வெற்றிடம் இல்லை. அதற்கும் நேரம் இருக்கிறது, அதையும் கொடுத்துத் தீர்க்க வேண்டும். நம் பாட்டுகளில் எத்தனையோ சமத்தில், அதாவது சுற்றின் முதல் தட்டில், எடுக்காமல் அரை இடம் தள்ளியோ ஒன்றரை இடம் தள்ளியோ எடுப்பவை. அந்த அரை இடம் வாய்க்குள் ஓடாமல் பாட்டு எழாது.

தவில்காரர்களும் மிருதங்கக்காரர்களும் இந்தக் கார்வையை வைத்துத்தான், ஒரே சொல்லை மூன்று முறை வாசித்து முடிக்கும் தீர்மானத்தைக் கட்டுகிறார்கள். ஆதி தாளத்தில் எண்ணுக்கு நாலு மாத்திரை என்றால் ஒரு சுற்றுக்கு 32. தகதிகிணதொம் என்பது ஆறு. அதை மூன்று முறை சொன்னால் 18. நடுவில் வரும் இரண்டு இடைவெளிக்கும் மும்மூன்று மாத்திரை கார்வை விட்டால் இன்னும் ஆறு, ஆக 24. சரியாகச் சமத்தில் வந்து விழ எங்கே தொடங்க வேண்டும்? 32-ல் 24 போனால் எட்டு. எட்டு மாத்திரை என்பது இரண்டு எண். தட்டும் சுண்டுவிரலும் போன பிறகு மோதிரவிரலில் எடு! ஏழாம் வகுப்புப் பையன் ஒருவனிடம் கார்வையை இரண்டாகக் குறைத்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் விரலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ரெண்டு மிச்சமாவும் மிஸ், அப்ப மோதிரவிரல் பாதியில எடுக்கணும்" என்றான். கணக்கில் அவன் சுமார்தான் என்று அவன் அம்மா சொல்லியிருந்தார்.

வாய்ச்சொல்லில் தொடங்க இன்னொரு காரணம், மூன்று மாநிலம் சந்திக்கும் இந்த எல்லைக்கே உரியது. எங்கள் பக்கத்து வகுப்பறையில் ஒரு பெஞ்சில் தெலுங்கு பேசும் பிள்ளை, பக்கத்தில் கன்னடம், அடுத்து உருது, கடைசியில் தமிழ். ஆலை வேலைக்கு வந்த வடநாட்டுக் குடும்பங்களின் பிள்ளைகளும் இப்போது சேர்கிறார்கள். தமிழ் எழுத்தோ ஆங்கில எண்ணோ அவர்கள் எல்லாருக்கும் சமமாக வராது. தகதிமி எல்லாருக்கும் சமம். யார் வீட்டுப் பேச்சிலும் அதற்கு அர்த்தம் கிடையாது. வகுப்புக்கு வந்த முதல் நாளே எல்லாரும் சேர்ந்து சொல்லக்கூடிய பாடம் நம் பள்ளிகளில் வேறு எது இருக்கிறது?

இது சபாக்காரர்களின் சரக்கு, அரசுப் பள்ளிக்கு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் திரௌபதை அம்மன் கோயில் கூத்துக்கு இரவில் வந்து உட்காரட்டும். பம்பைக்காரர் தன் மகனுக்கு அடி சொல்லிக் கொடுப்பதைப் பக்கத்தில் நின்று கேட்கட்டும். பறையும் வாயால்தான் கைக்கு இறங்குகிறது. வாய்ச்சொல் எல்லா மேளத்துக்கும் பொது. சபா அதற்கு ஒரு மேடை போட்டது, அவ்வளவுதான்.

அதேபோல நம் பக்கத்துக் கோளாறையும் சொல்லிவிடுகிறேன். ஏழு தாளம், ஐந்து ஜாதி, பெருக்கினால் 35, ஐந்து நடையால் பெருக்கினால் 175 என்று பட்டியலை உருப்போடவைத்துத் தேர்வு வைக்கிறோமே, அதில் யாருக்கு என்ன பயன்? கச்சேரியில் புழங்குவது பெரும்பாலும் ஆதி, ரூபகம், இரண்டு சாபு. சங்கீர்ண ஜாதி துருவ தாளத்துக்கு 29 அட்சரம் என்று பாராமல் சொல்லும் பிள்ளை ஆதி தாளத்தில் இரண்டு சுற்று கை நிறுத்தத் தெரியாமல் இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். தாளில் படம் வரையும் கீபோர்டு வகுப்பும் தாளத்தைப் பெருக்கல் வாய்ப்பாடாக்கும் நம் வகுப்பும் ஒரே தவறைத்தான் செய்கின்றன.

எழுத்தை நான் பழிக்கவில்லை. பலர் சேர்ந்து ஒரே நேரத்தில் வெவ்வேறு வரிகளை வாசிக்க வேண்டும் என்றால் மேற்கத்திய எழுத்துக்கு ஈடு கிடையாது. தன்ராஜ் மாஸ்டரிடம் அதைக் கற்ற இளையராஜா எழுதி நீட்டிய தாளைப் பார்த்துச் சென்னை வயலின்காரர்கள் வாசித்ததெல்லாம் நமக்குத் தெரிந்த கதை. ஆனால் பண்ணைப்புரத்திலிருந்து கிளம்பி ஊர் ஊராகப் பாடித் திரிந்து, தாளம் ரத்தத்தில் ஊறிய பிறகுதான் அவர் அந்தத் தாளுக்கு வந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1890-களில் சின்னசாமி முதலியார் நம் கீர்த்தனைகளை ஐரோப்பிய எழுத்தில் அச்சிட்டார். 1904-ல் எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதர் பெரிய ஸ்வரப் புத்தகம் கொண்டுவந்தார். இரண்டுமே இருக்கிற பாட்டு அழிந்துவிடாமல் இருக்கச் செய்த ஏற்பாடு. தாளம் தெரியாதவனுக்குத் தாளம் வரவழைக்கச் செய்தவை என்று எனக்குத் தோன்றவில்லை.

மேற்கத்திய இசையின் கிரேடு தேர்வுக்கு அனுப்பும் பெற்றோரிடம் எனக்குச் சண்டை இல்லை. லண்டன் சான்றிதழ் சுவரில் மாட்ட நன்றாகத்தான் இருக்கும். "எத்தனை பாட்டு வாசிப்பா?" என்று கேட்பதை மட்டும் நிறுத்துங்கள். கீபோர்டை அணைத்துவிட்டு, அதே பாட்டை வாயால் சொல்லிக் கையால் தாளம் போடச் சொல்லுங்கள். வரவில்லை என்றால் அடுத்த கிரேடுக்குக் கட்டணம் கட்ட வேண்டாம்.

அரசிடம் கேட்க வேண்டியது வேறு. 2012-ல் அரசுப் பள்ளிகளுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தார்கள். ஓவியம், உடற்கல்வி, கணினி, தையல் என்று போகும் அந்தப் பட்டியலில் இசையும் இருந்தது. தொடக்கச் சம்பளம் மாதம் 5,000 ரூபாய், வாரத்துக்கு மூன்று அரை நாள் வேலை, ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை. பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் பலமுறை போராடியிருக்கிறார்கள். சம்பளம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது, பல ஆண்டுகள் போன பிறகும் நிரந்தரம் வரவில்லை. ஒரு மாவட்டத்தின் பிள்ளைகளுக்குத் தாளம் சொல்லிக் கொடுக்க வேண்டியவர் தன் வீட்டு வாடகையை எண்ணிக்கொண்டிருக்கிறார். தவிர, ஆறாம் வகுப்பு என்பது தாமதம். நாக்கு வளைவது ஒன்றாம் வகுப்பில். அங்கே 2022 முதல் 'எண்ணும் எழுத்தும்' என்ற அரசுத் திட்டம் நடக்கிறது. பாட்டு, கைதட்டல், ஆட்டம் எல்லாம் அதில் உண்டு. ஆசிரியர்களும் உற்சாகமாகத்தான் செய்கிறார்கள். கைதட்டல் பாட்டோடு சேர்ந்து ஓடுகிறது, அதுதான் குறை. கையை நிறுத்தி வாயை ஓட்டும் அந்த ஒரு பழக்கத்தைச் சேர்த்தால், எண்ணும் கிடைக்கும், எழுத்தின் மாத்திரையும் கிடைக்கும். புதிய திட்டமோ புதிய பெயரோ தேவையில்லை.

கிருஷ்ணகிரியில் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. குரலிசை, நாதஸ்வரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் எல்லாம் உண்டு. தவிலுக்கும் நாதஸ்வரத்துக்கும் தேவாரத்துக்கும் எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும் என்று விதி வைத்திருக்கிறார்கள். அந்த விதியை எழுதியவரை நான் கும்பிடுகிறேன். நைனா மாதிரி ஆட்களை அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் அந்தப் பள்ளிக்கும் சுற்றியுள்ள தொடக்கப் பள்ளிகளுக்கும் நடுவில் பாலமே இல்லை. ஆண்டுக்கு ஒருமுறை மாணவர் சேர்க்கை அறிவிப்பு செய்தித்தாளில் வரும், அத்தோடு சரி. குறுவள மையங்களில் ஆசிரியர் கூட்டம் நடக்கிறதே, அதில் ஓர் அரை மணியை இதற்கு ஒதுக்கட்டும். ஆதி தாளம், மூன்று காலம், 'படு பாடு'. அதற்கு மேல் வேண்டாம். பவர்பாயிண்ட் வேண்டாம், கையேடு வேண்டாம். சொல்லிக் கொடுக்கச் சென்னையிலிருந்து நிபுணரும் வர வேண்டாம். இசைப்பள்ளியின் தவில் ஆசிரியருக்குப் போக்குவரத்துப் படியும் ஒரு நாள் ஊதியமும் கொடுத்தால் போதும்.